பழைய காருக்கு டியூப்: ரப்பர் வால்வா, பித்தளை வால்வா?

பழைய காருக்கு டியூப் வாங்கப் போகிறவர்கள் டயர் அளவை மட்டும்தான் சொல்கிறார்கள். 5.20-14 என்றோ 4.75-19 என்றோ சொன்னால் அந்த அளவில் ஒன்று கைக்கு வந்துவிடும். ஆனால் பழைய சக்கரத்தில் டியூப் கிழிவது பல நேரம் வால்வின் அடியில்தான். அதனால் கடைக்குப் போகும் முன் ரிம்மிலுள்ள வால்வுத் துளையை அளந்துகொள்ளுங்கள்.

துளை 11.5 மி.மீ. அளவில் இருந்தால் டிஆர்13 என்ற வகை வால்வு, 16 மி.மீ. அளவில் இருந்தால் டிஆர்15. இரண்டிலும் வால்வின் தண்டு ரப்பர்தான், பருமனில்தான் வேறுபாடு. எளிதில் கிடைப்பது டிஆர்13 என்பதால் பெரிய துளையிலும் அதையே செருகிவிடுகிறார்கள். தண்டு ஆடும், துளையின் விளிம்பு அதை அறுக்கும், காற்று ஏறியதும் சுற்றியுள்ள இடைவெளியில் டியூப் பிதுங்கும். டிஆர்15 கிடைக்கவே இல்லை என்றால் துளையை நிரப்பும் ரப்பர் புஷ் போட்டுத்தான் டிஆர்13 மாட்ட வேண்டும்.

மரக்கட்டைச் சக்கரம் கொண்ட ஃபோர்டு மாடல் டி போன்ற வண்டிகளுக்குப் பித்தளைத் தண்டே சரி. கட்டையின் கனத்தைத் தாண்டி ரப்பர் தண்டு வெளியே எட்டாது. அதன் கிளிஞ்சர் டயருக்கு, அதாவது விளிம்பு ரிம்மின் மடிப்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் டயருக்கு, 55 முதல் 60 பவுண்டு காற்றும் வேண்டும். பித்தளையின் குறை, அது வளைந்துகொடுக்காது. டயர் ரிம்மில் நகர்ந்தால் தண்டு தன் அடியையே பிய்த்துக்கொள்ளும். நட்டை முதலில் தளர்வாக விட்டு, காற்று நிரம்பி டியூப் உட்கார்ந்த பிறகு அளவாக இறுக்குங்கள். அழகுக்காக மட்டும் பித்தளை வேண்டுமென்றால், ரப்பர் தண்டின்மேல் உலோக உறை மாட்டினால் போதும்.

டியூப்பின் ரப்பரில் என் தேர்வு பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் மென்மையானது, மடிப்பில்லாமல் படியும், பஞ்சர் ஒட்டுவதும் எளிது. ஆனால் பியூட்டைலைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்றைக் கசியவிடும். மாதக்கணக்கில் கராஜில் நிற்கும் வண்டிக்கு அது ஆகாது. ரேடியல் டயர் போட்டிருந்தால் ரேடியலுக்கானது என்று அச்சிட்ட டியூப்தான் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் கடலோர டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியே ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. டர்பனில் 200 கிலோபாஸ்கல் அடித்த டயர், டியூப் எந்த வகையானாலும், அங்கே குளிர்ந்த நிலையிலும் ஏறக்குறைய 218 காட்டும். அதிகம் என்று இறக்கிவிட்டு வந்தால் டர்பனில் 182தான் இருக்கும். காற்றுக் குறைந்த டயர்தான் ரிம்மில் நகர்ந்து வால்வை இழுக்கிறது.

மாட்டும்போது டயருக்குள் ஒட்டிய காகித லேபிளை உரித்தெடுங்கள், அது டியூப்பைத் தேய்த்துத் தேய்த்தே ஓட்டையாக்கும். கடலோரக் காற்றில் ரிம் துருப்பிடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். கம்பிச் சக்கரமானால் ஸ்போக் முனைகளை மூட ஃபிளாப் என்ற ரப்பர் பட்டை கட்டாயம். டால்கம் பவுடரை மெல்லிதாகத் தூவி, டியூப்புக்கு உருவம் வரும் அளவு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். முழுக்க நிரப்பி, வால்வுக்குள் இருக்கும் கோர் என்ற ஊசியைக் கழற்றிக் காற்றை எல்லாம் விட்டு, மறுபடி நிரப்புங்கள். மடிப்புகள் அப்போதுதான் விரியும்.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பின் தண்டைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரை நகர்த்தித் தண்டை நேராக்கிய பிறகே மேலே ஓட்டுங்கள்.