இரண்டு நாளா, நான்கு நாளா? திரிகோராவையும் தியோமானையும் ஒப்பிட்டு ஓர் அலசல்

சிங்கப்பூரிலிருந்து குறைந்த செலவில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போய், சில நாள் எந்த அவசரமும் இல்லாமல் இருந்துவிட்டு வர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கிடையே தயங்குகிறார்கள். ஒன்று, மலேசியாவின் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தியோமான் தீவு. மற்றொன்று, இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் கிழக்குப் பக்கமாக நீண்டு கிடக்கும் திரிகோரா கடற்கரை. பிந்தான் என்றதும் வடக்கே லகோயில் உள்ள சொகுசு விடுதிகளே பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. அறை வாடகையை மட்டும் வைத்து இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரிவராது என்பது என் உறுதியான கருத்து. எளிய அறைகள் இரண்டு இடத்திலும் கிடைக்கின்றன. கையைக் கடிப்பவை வழிப்பயணமும் போன இடத்தில் நடமாடும் செலவும்தான்.

திரிகோராவுக்கு தானா மேரா படகு முனையத்திலிருந்து பிந்தானின் துறைமுக நகரான தஞ்சோங் பினாங்கு செல்லும் படகில் ஏற வேண்டும். பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், காலைப் படகில் போகிறவருக்கு நாள் இன்னும் நீள்கிறது. ஆனால் படகுச் சீட்டுக்குச் சிங்கப்பூர் வெள்ளியில் பணம் கட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே செலவில் பெரும்பங்கு தீர்ந்துவிடுகிறது. இறங்கிய பிறகும் திரிகோரா நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. நம்பிப் போகக்கூடிய பேருந்துச் சேவை இல்லாததால், வாடகைக் காரோ மோட்டார் சைக்கிளோ எடுத்தே ஆக வேண்டும். மூவர் நால்வராகப் போனால் காரின் வாடகை பகிர்ந்துபோகும். தனியாகப் போகிறவருக்கு அது பாரம்தான்.

தியோமானுக்குப் போகும் வழி இதற்கு நேர்மாறானது: பணம் குறைவு, நேரம் அதிகம். குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் கடற்பாலத்தைக் கடந்து ஜோகூர் பாருவின் லார்க்கின் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து தியோமான் படகு புறப்படும் மெர்சிங் செல்லும் விரைவுப் பேருந்தைப் பிடிக்கலாம். அந்தச் சீட்டை ரிங்கிட்டில் வாங்குவதால் செலவு சட்டென்று இறங்குகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதோடு, மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழமற்றது. கடல் வற்றியிருக்கும் வேளையில் படகு வெளியேற முடியாது. எனவே படகு நேரம் கடல்மட்டத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுகிறது. அன்றைய அட்டவணையைப் பார்க்காமல் போகிறவர் படகுத்துறையில் பல மணி நேரம் காத்திருக்கவோ, அந்தச் சிற்றூரிலேயே ஓர் இரவு தங்கவோ நேரிடும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஒதுக்க முடியாதவர்கள் தியோமானை நினைக்கவே வேண்டாம். சனி ஞாயிறு மட்டும் கையில் இருந்தால் திரிகோராதான் சரி.

நான்கு நாள் கிடைத்தால் என் தேர்வு தயக்கமின்றித் தியோமான்தான். ஆயினும் தீவுக்குள்ளேயே ஒரு தேர்வு மிச்சமிருக்கிறது. படகு மேற்குக் கரைக் கிராமங்களில் ஒவ்வொன்றாக நின்று செல்லும். எங்கே இறங்கப் போகிறோம் என்பதைப் படகுப் பணியாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏர் பாத்தாங்கில் இறங்கினால் மேற்கொண்டு வாகனச் செலவு கிடையாது. அங்கே கார் போகும் சாலை இல்லை. கடலோரமாக ஓடும் குறுகிய சிமெண்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் வந்தால் நடப்பவர் சற்று ஒதுங்கி வழிவிடுவார், அவ்வளவுதான். பாதையோரம் மரநிழலில் மரக்குடில்கள் வரிசையாக நிற்கின்றன. 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நீர்ப்பரப்பு வாசலிலேயே தொடங்குவதால், நீருக்குள் பார்க்க உதவும் முகக்கண்ணாடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறைகளையும் கிளிமீன்களையும் பார்க்கலாம். படகுச் சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை என்பது சிக்கனமாகப் பயணம் செய்கிறவருக்குப் பெரிய ஆதாயம். குறை என்னவென்றால், கரை பல இடங்களில் கல்லும் பவளத்துண்டுமாக இருப்பதால் வெறுங்காலோடு இறங்குவது கடினம்.

ஜுவாரா கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்குக் கரையின் தெக்கெக் கிராமத்தில் இறங்கி, மலையைத் தாண்டும் செங்குத்தான சாலையில் நான்கு சக்கர இயக்க வண்டியில் போக வேண்டும். இந்த ஒரு சவாரியின் கட்டணமே பலரை ஏர் பாத்தாங்கில் நிறுத்திவிடுகிறது. பை இலேசாக இருந்தால் காட்டு வழியாக ஏழு கிலோமீட்டர் அளவு நடந்தும் போய்விடலாம். போய்ச் சேர்ந்தபின் கிடைக்கும் நீண்ட மணற்கரை, ஆற்று முகத்துவாரம், ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் திட்டம், இரவில் அலையோசையைத் தவிர வேறொன்றும் கேட்காத அமைதி ஆகியவை அந்தச் செலவுக்கு முழுமையாக ஈடாகின்றன. மாலையில் மணற்பூச்சிகள் கடிக்கும் என்பதால் தைலம் அவசியம். பணம் எடுக்கும் இயந்திரம் தெக்கெக்கில்தான் இருக்கிறது. அதை நம்பாமல் ரிங்கிட்டைச் சிங்கப்பூரிலேயே மாற்றிக்கொண்டு போவது நல்லது.

கடலை மட்டும் வைத்துச் சொன்னால் திரிகோரா தியோமானுக்கு ஈடாகாது. வற்றம் வந்தால் நீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். கருங்கற்பாறைகளுக்கிடையே கணுக்கால் ஆழத்தில்தான் நடக்கலாம். ஆனால் அங்குள்ள கெலோங்குகளுக்கு இணையாகத் தியோமானில் எதுவும் இல்லை. கடலில் கம்பங்களை நட்டு, அவற்றின் மேல் பலகை அடித்துக் கட்டிய மீன்பிடி மேடைகள் அவை. இருட்டியதும் நீருக்கு மேலே விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். வெளிச்சத்தை நாடி நெத்திலி கூட்டமாக வந்து திரண்டதும், அடியில் விரித்திருந்த வலையை உருளையைச் சுற்றி மேலே தூக்குகிறார்கள். சில கெலோங்குகளில் தங்கவும் இடம் தருகிறார்கள். திரும்பும் நாளில் தஞ்சோங் பினாங்கிலிருந்து சிறு படகில் பெஞ்ஞெங்காட் தீவுக்குப் போய், அங்குள்ள மஞ்சள் நிறப் பள்ளிவாசலையும் மலாய் அறிஞர் ராஜா அலி ஹாஜியின் கல்லறையையும் பார்த்து வரலாம்.

உணவில் சைவர்களுக்கு இரண்டு இடமும் சோதனைதான். காய்கறியாகக் கேட்டாலும் பெலாச்சான் என்னும் இறால் விழுது கலந்து வரக்கூடும். இந்தோனேசியாவில் அதையே தெராசி என்கிறார்கள். இது போடாமல் சமைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். மெர்சிங்கிலாவது இந்திய முஸ்லிம் கடைகளில் பரோட்டா கிடைக்கும். சிங்கப்பூரின் தேக்காவில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது வீண்போகாது.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நம் ஊழியர் நண்பர்களுக்கு இந்த ஒப்பீட்டில் தியோமான் பக்கமே தராசு சாய்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அவர்களை 30 நாள் வரை விசா இன்றி அனுமதிக்கிறது. மின்னியல் வருகை அட்டையை மட்டும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் பெறும் வழக்கமான விசாவுக்கு 500,000 ரூபியா கட்டணம். இரண்டு நாள் பயணத்துக்கு அது தேவையற்ற சுமை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனெனில் நம் பள்ளிகளின் நீண்ட ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவக்காற்றோடு சேர்ந்தே வருகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தியோமானில் பல தங்குமிடங்கள் அடைத்துக் கிடக்கும். படகுகளும் குறையும், சில நாள்களில் ஓடவே ஓடாது. கிழக்கு நோக்கிய ஜுவாராவுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். திரிகோராவும் கிழக்கு நோக்கியதே என்பதால் அங்கும் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். டிசம்பரில்தான் விடுப்பு என்றால், மலேசியாவின் குவாந்தானுக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் உள்ள செராத்திங்கைப் பாருங்கள். படகே தேவைப்படாத, பேருந்திலேயே போய்விடக்கூடிய கிராமம் அது. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் அந்த மாதங்களின் பெரிய அலைகளுக்காகவே அங்கே வருகிறார்கள். நீந்த நினைக்கும் குடும்பங்கள் மட்டும் மார்ச் கடைசி வரை பொறுத்திருக்கட்டும்.