சறுக்குவண்டியா, கைக்கடிகாரமா?

உலகிலேயே சிறந்த படம் எது என்று மாணவர்கள் கேட்டால் 'சிட்டிசன் கேன்' என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் 'டோக்கியோ ஸ்டோரி'தான் மனதில் நிற்கிறது.

கேனுக்குச் சாட்சிகள் அதிகம். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை அதற்குத்தான் முதலிடம். 2012-இல் 'வெர்டிகோ' அதை இறக்கியது (எனக்கு இன்னும் ஒப்பவில்லை, விடுங்கள்). 1941-இல் கேன் வெளியானபோது அதை இயக்கி நடித்த ஆர்சன் வெல்ஸுக்கு வயது 25. ஒரு ஷாட்டைப் பாருங்கள். மகனை வங்கிக்காரரிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் தாய் கையெழுத்துப் போடுகிறாள். பின்னால் ஜன்னலுக்கு வெளியே, பனியில் பையன் விளையாடுகிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் கேமராவில் மேசையும் துல்லியம், தூரத்துப் பனியும் துல்லியம். பாடம் நடத்த இதைவிட என்ன வேண்டும்?

ஜப்பானிய இயக்குநர் ஒஸுவின் 1953 படமான 'டோக்கியோ ஸ்டோரி'யில் இப்படி நிறுத்திக் காட்ட எதுவும் சிக்காது. கேமரா பாய்க்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கும், அசைவது அபூர்வம். ஓனோமிச்சி என்ற ஊரிலிருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான தம்பதியை, கவனிக்க நேரமில்லை என்று அதாமி என்ற கடலோர ஊரில் ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க அங்கே கூச்சல். காலையில் கடலோரச் சுவரிலிருந்து எழும்போது அம்மா தடுமாறிக் கையூன்றுகிறாள். தூக்கமில்லாததால் இருக்கும் என்கிறார் கணவர். முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊர் திரும்பியதும் அவள் இறந்துபோகிறாள்.

இரண்டு படமும் ஒரு பொருளில் வந்து முடிகின்றன. கேனில் அந்தப் பையனின் சறுக்குவண்டி. அந்தப் பையன் பெரியவனாகிச் சாகும்போது கடைசியாகச் சொன்ன 'ரோஸ்பட்' என்ன என்று, அது நெருப்பில் எரியும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அந்த உத்தியை மலிவான ஃப்ராய்டு உளவியல் என்று வெல்ஸே கேலி செய்தார். விடை தெரிந்தபின், திரும்பப் பார்க்கையில் அந்த முடிவு எனக்கு வெறும் கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. ஒஸுவிடம் இறந்த மாமியாரின் கைக்கடிகாரம். போரில் கணவனை இழந்த மருமகள் நோரிக்கோவுக்கு மாமனார் அதைக் கொடுக்கிறார். திரும்பும் ரயிலில் அவள் அதை எடுத்துப் பார்க்கிறாள். எந்தப் புதிருக்கும் அது விடையல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த வாரம் வகுப்பில் எதைப் போடப்போகிறேன் என்று கேட்டால், சந்தேகமே இல்லை, கேன்தான்.