ஏஜாக்ஸில் தங்குவதா, கென்னடி சப்வே பக்கம் மாறுவதா?

சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மூன்று ஆண்டுகள், ரொறொன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள ஏஜாக்ஸ் நகரின் வடபகுதியில் அண்ணா வீட்டில் இருந்துவிட்டு, சென்ற வைகாசியில் ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் கென்னடி சப்வே நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினேன். அதே நிலையில் இருந்துகொண்டு போவதா நிற்பதா என்று கணக்குப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாறியதே சரி என்பது என் முடிவு.

வாடகையில் ஏஜாக்ஸ்தான் வெல்லும். அண்ணாவுக்குக் கொடுத்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இப்போது கொடுக்கிறேன். அமைதியிலும், கோடையில் பின்வளவில் கத்தரியும் வெண்டியும் வைப்பதிலும் அந்த வீடே மேல். 2024 பெப்ரவரி முதல் ஏஜாக்ஸில் ஓடும் டேர்ஹம் பேருந்துக்கும், ரொறொன்ரோவுக்குப் போகும் கோ ரயிலுக்கும், ரொறொன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.க்கும் இடையில் மாறும்போது இரட்டைக் கட்டணம் இல்லையாதலால், பயணச் செலவு இனிப் பெரிய காரணம் அல்ல.

தீர்மானித்தது, இரவில் வீடு திரும்பும் நேரம். நகர மத்தியில் ஒரு சமையற்கூடத்தில் எனக்குப் பின்னேர வேலை. முடியப் பதினொரு மணியாகும். அங்குள்ள யூனியன் நிலையத்தில் கோ ரயில் ஏறி ஏஜாக்ஸில் இறங்கும்போது நள்ளிரவு கடந்துவிடும். அந்நேரத்தில் எங்கள் தெருப்பக்கம் போகப் பேருந்து கிடைத்த நாட்கள் குறைவு. ஆகவே அண்ணா வருவார். நிலையத்தின் தரிப்பிடத்தில், சாரத்துக்கு மேல் குளிரங்கியைப் போட்டபடி, இருக்கையில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருப்பார். கண்ணாடியில் தட்டித்தான் எழுப்புவேன். விடிய ஐந்து மணிக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும். "இதில என்ன இருக்கு, ஏறு" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொன்னதில்லை. மாசி மாதத்தில் ரயில் பிந்திய இரவொன்றில் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். அன்றிலிருந்து மேலதிக வேலையை மறுக்கத் தொடங்கினேன். கலியாண வீடுகளுக்கும் போகாமல் விட்டேன். வெளியேற வேண்டும் என்ற ஏக்கம் அப்போதுதான் பிடிவாதமாயிற்று.

இப்போது சப்வேயின் இரண்டாம் பாதையில் கடைசி நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறேன். சப்வே இரவு ஒன்றரை மணியளவு வரை ஓடுகிறது. அதன்பின் முக்கிய வீதிகளில் முந்நூறாம் இலக்க வரிசையிலுள்ள இரவுப் பேருந்துகள் அரை மணிக்கு ஒன்றாவது வரும். ஒரு தடவை தவறினால் யாரையும் தொலைபேசியில் எழுப்ப வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த இரட்டை வாடகையை மனமுவந்து கொடுக்கிறேன்.

அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். ஒன்ராரியோவில் எழுத்துப் பரீட்சை முடித்துப் பெறும் ஜி1 என்ற பயிலுநர் அனுமதிப்பத்திரத்தை, முன்பு ஓட்டிய அனுபவம் இல்லாதவர் பன்னிரண்டு மாதம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி எடுத்தால் எட்டு மாதம், கையில் வைத்திருந்த பிறகே வீதிப் பரீட்சைக்குப் போகலாம். அதுவரை நான்கு ஆண்டு அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை ஓட்டக்கூடாது. பயிற்றுநர் இல்லாமல், ஏஜாக்ஸையும் ரொறொன்ரோவையும் இணைக்கும் 401 நெடுஞ்சாலையிலும் ஏறக்கூடாது. எனக்குத் தேவையான நேரமும் தேவையான வீதியுமே அதில் விலக்கப்பட்டிருந்தன. அதன்பின் புதிய சாரதிக்கான காப்புறுதிச் செலவும் உண்டு.

பகல் வேலை செய்பவருக்கு, அதுவும் கோ நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு உள்ளவருக்கு, ஏஜாக்ஸ் போதுமானதாக இருக்கலாம். பிள்ளைகளோடு வாழ்வோருக்கு நான் தனியாளாகச் செய்த கணக்குப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பகல் பேருந்தில் அண்ணா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன்.