‘நோ ஆன்டிபயாடிக்ஸ் எவர்’ மாட்டிறைச்சி: பவுண்டுக்கு மூன்றரை டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தேன்

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை ஒட்டி நாங்கள் குடியிருக்கும் பகுதியின் பெரிய அங்காடியில், சக் எனப்படும் தோள்பகுதி இறைச்சி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. சாதாரணப் பொட்டலம் பவுண்டு 7 டாலர் 49 சென்ட்; பச்சை எழுத்தில் ‘நோ ஆன்டிபயாடிக்ஸ் எவர்’, அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தே ஒருபோதும் கொடுக்காத மாடு, என்று அச்சிட்ட பொட்டலம் 10 டாலர் 99 சென்ட். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உணவாயிற்றே என்ற எண்ணத்தில் நான்கு மாதங்கள் இரண்டாவதையே வாங்கினேன். பிறகுதான், அந்த மூன்றரை டாலர் எதற்குப் போகிறது என்று ஒரு முறையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பொட்டலங்களையும் ஒரே நாளில் பிரித்தேன். காற்று நீக்கி அடைத்திருந்ததால் இரண்டுமே கருஞ்சிவப்பாக இருந்து, தட்டில் வைத்த கால் மணி நேரத்தில் பளிச்சென்ற சிவப்புக்கு மாறின. இது காற்று பட்டதால் வரும் மாற்றமே தவிர, தரத்தின் அடையாளம் அல்ல. மல்லியும் மிளகும் வறுத்து அரைத்து, தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் போட்டு, நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் செய்யும் முறையில் இரண்டு வறுவல்களைத் தனித்தனிச் சட்டிகளில் செய்தேன். எது எந்தச் சட்டி என்று சொல்லாமல் பரிமாறியபோது வீட்டில் ஒருவராலும் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே ருசிக்காக யாரும் இந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வாசகம் சொல்வது மாடு வளர்ந்த விதத்தைப் பற்றி. இந்த மாநிலத்தின் வடகோடியில், அமரில்லோ பக்கம் காரில் போயிருப்பவர்களுக்கு அங்குள்ள கொழுப்பேற்றும் பட்டிகள் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். புல் தின்று வளர்ந்த மாடுகளுக்கு அங்கே கடைசி மாதங்களில் மக்காச்சோளம் மிகுந்த தீவனம் கொடுக்கிறார்கள். மாவுச்சத்து மிகுந்தால் அசையூண் வயிற்றில் அமிலம் ஏறி அதன் உட்சுவர் புண்ணாகிறது. அப்புண்ணின் வழியே பாக்டீரியா ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. இதைத் தடுக்கத் தீவனத்தில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கலப்பது வழக்கம். மனிதர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் சேர்ந்த அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது டைலோசின். நோயே வராத மாடுகளுக்கும் நாள்தோறும் சிறிய அளவில் கொடுக்கும்போது மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருக வழி ஏற்படுகிறது என்பதே இதிலுள்ள முதன்மையான கவலை.

இதற்காகச் சாதாரணப் பொட்டலத்தை மருந்துப் பை என்று நினைத்துவிடக் கூடாது. 2017 ஜனவரி முதல், மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக் மருந்துகளை வளர்ச்சிக்காக மட்டும் கொடுப்பது அமெரிக்காவில் நிறுத்தப்பட்டு, அவற்றைத் தீவனத்தில் கலப்பதற்குக் கால்நடை மருத்துவரின் உத்தரவு கட்டாயமாயிற்று. அந்த ஒரே ஆண்டில் உணவுக்கான கால்நடைகளுக்கு இம்மருந்துகளின் விற்பனை 33 சதவீதம் குறைந்ததாக உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிக்கை காட்டியது. தீவனக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியதாக இருந்த பென்சிலின், ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி மருந்துகளுக்கும் 2023 ஜூன் முதல் மருத்துவரின் சீட்டு தேவைப்படுகிறது. ஒவ்வொரு மருந்துக்கும், மருந்து உடலை விட்டு நீங்குவதற்காகக் கடைசி ஊசிக்கும் வெட்டும் நாளுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி புட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்; நீடித்துச் செயல்படும் ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு அது 28 நாட்கள். இடைவெளி காக்கப்பட்டதா என்று பார்க்க, வெட்டுமிடங்களில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் அரசுத் திட்டமும் இருக்கிறது.

நான் ஏமாந்ததாக உணர்ந்த இடம் வேறு. பச்சை எழுத்து வாசகத்துக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை அனுமதி தருவது, நிறுவனம் அனுப்பும் ஆவணங்களைப் படித்துப் பார்த்துத்தான். மாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படி விற்கப்படவிருந்த மாடுகளிடம் அத்துறையே மாதிரி எடுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ 20 சதவீத மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் தென்பட்டதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதன்பின் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் வெளியார் சான்றிதழும் சோதனையும் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டனவே தவிர, கட்டாயமாக்கப்படவில்லை. நான் வாங்கிய இறைச்சியின் நிறுவனத்துக்கு, யார் சோதிக்கிறார்கள், எத்தனை மாட்டுக்கு ஒன்று, நோயுற்ற மாட்டை என்ன செய்கிறீர்கள் என்று மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். எட்டு நாள் கழித்து வந்த பதிலில், தங்கள் குடும்பப் பண்ணைகளின் பாரம்பரியத்தைப் பற்றி இரண்டு பத்திகள் இருந்தன; என் கேள்விகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்வி என்னுடையதன்று. ஊரில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவுடையது. தொலைபேசியில் விவரம் சொன்னபோது, “சொகமில்லாத மாட்டுக்கு மருந்து போடாம வச்சிருக்கதுக்கா மக்ளே நீ கூடக் காசு குடுக்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நிமோனியா கண்ட கன்றுக்கு ஊசி போட்டால் அது பச்சை எழுத்துப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும், விலையும் குறையும் என்றால், ஊசியைத் தள்ளிப்போடத் தோன்றும் பண்ணையாளர்களும் இருப்பார்கள். இந்த விஷயத்தில் ஆர்கானிக் முத்திரையின் விதி தெளிவாக இருக்கிறது: ஆன்டிபயாடிக் போட்ட விலங்கை ஆர்கானிக் என்று விற்கக் கூடாது, ஆனால் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகத் தேவையான சிகிச்சையை மறுக்கவும் கூடாது. சான்றளிக்கும் அமைப்பு ஆண்டுதோறும் பண்ணைக்கு நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்கோ, செயற்கைப் பொருள் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்பதைத் தாண்டி எந்தப் பொருளும் இல்லை. மருந்தைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

கிருமிகளைப் பொறுத்தவரை இரண்டு பொட்டலங்களும் ஒன்றே. மருந்து படாத மாட்டின் குடலிலும் ஈ.கோலி O157 என்ற நோய்க்கிருமி இருக்கலாம்; கொத்திறைச்சியாக அரைக்கும்போது மேற்பரப்பில் இருந்த கிருமி உள்ளே வரை கலந்துவிடுகிறது. நாங்கள் கட்லட் செய்யும்போது வெளியே பொன்னிறமானதும் எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஒரு நாள் வெப்பமானியைக் குத்திப் பார்த்தபோது நடுவில் 138 டிகிரி பாரன்ஹீட்தான் காட்டியது. கொத்திறைச்சிக்கு வேண்டியது 160. இப்போது இறைச்சியை முன்கூட்டியே வதக்கி முழுதாக வேகவைத்த பிறகே உருண்டை பிடிக்கிறேன். ஆனால், நன்றாக வேகவைத்தால் கிருமி சாகுமே தவிர, மருந்து எச்சம் இருந்தால் அது அடுப்புச் சூட்டில் கட்டாயம் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது.

பொருளாக மட்டும் பார்த்தால் இந்த இறைச்சியில் குறையில்லை: புதிதாக இருந்தது, கொழுப்பு அளவாக இருந்தது, பொட்டலம் ஒரு முறையும் ஒழுகவில்லை. வாசகத்துக்காகக் கொடுக்கும் விலைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை. சென்ற வாரம் சாதாரணச் சக் இரண்டு பவுண்டும், பிள்ளைகளின் கட்லட்டுக்காக ஆர்கானிக் முத்திரை இருந்த கொத்திறைச்சி ஒரு பவுண்டும் வாங்கினேன். நிறுவனத்துக்கு அதே மூன்று கேள்விகளை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்; பதில் வந்தால் மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுகிறேன்.