கார்டு தெரியவில்லையா? டிரைவர், ஸ்லாட், பயாஸ்: முதலில் எதில் கை வைப்பது

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், எதிர்க் கட்டடத்துத் தம்பி ஒரு சின்ன சிபியூ பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு ஐந்து மாடி ஏறி வந்தான். யாங்கூன் அனவ்ரத்தா சாலைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் ஏது? மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: “அண்ணே, ரெண்டு ராத்திரியா டிரைவர் போட்டுப் போட்டுப் பாத்துட்டேன். கார்டு இருக்கறதையே காட்ட மாட்டேங்குது.”

ஆபீஸில் கழித்துவிட்ட பழைய பெட்டி. கோயில் திருவிழா, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதற்காக 75 வாட் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிச் செருகியிருக்கிறான். முறை வைத்துக் கரண்டு வரும் ஊரில் இரண்டு ராத்திரி என்பது சும்மா இல்லை. டிரைவர் ஒவ்வொன்றும் 500 எம்பிக்கு மேல்; அதுவும் மொபைல் டேட்டாவில் இறக்கியது.

கார்டு தெரியாதபோது செய்யக்கூடிய வேலைகள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே செலவு இல்லை, ஒரே ஆபத்தும் இல்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பது டிரைவரில். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டாம். ஆனால் அது பலிக்கும் இடம் ரொம்பக் குறுகலானது.

“தெரியவில்லை” என்பதற்கே இரண்டு அர்த்தம் உண்டு. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றோ, மஞ்சள் முக்கோணத்தோடு ‘வீடியோ கன்ட்ரோலர்’ என்றோ ஒரு வரி இருக்கிறதா? அப்படியானால் மதர்போர்டு கார்டைப் பார்த்துவிட்டது. விண்டோஸுக்குத்தான் அதோடு பேசத் தெரியவில்லை. அங்கே டிரைவர்தான் மருந்து. பழைய டிரைவரை டிடியு என்கிற துடைப்பு மென்பொருளை வைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிட நல்ல வாய்ப்பு. அந்த வரியில் கோட் 43 என்று பிழை எண் வந்தாலும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். கோட் 12 வந்தால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள், அது கார்டுக்கு ஒதுக்க வேண்டிய நினைவக முகவரிகளின் பற்றாக்குறை. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருளில், ‘அபவ் 4ஜி டிகோடிங்’ என்ற வரியைத் தேடி ஆன் செய்யுங்கள்.

பெட்டிக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸின் பெயர் மட்டும் இருந்து, வேறு எந்த வரியும் இல்லையென்றால் நூறு டிரைவர் போட்டாலும் ஒன்றும் ஆகாது. வீட்டில் இல்லாதவனைக் கதவைத் தட்டிக் கூப்பிடுகிற கதைதான். சந்தேகமிருந்தால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, ஸ்லாட்டுகளில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்துப் பாருங்கள். அந்தப் பட்டியலிலும் கார்டு இல்லையென்றால் விண்டோஸை மறந்துவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். தம்பியின் பெட்டியில் அங்கேயும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

(இதற்கும் முன்னால் ஒரு அசட்டுக் கேள்வி: திரை கறுப்பாகவே இருந்தால், மானிட்டர் வயர் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா? கார்டைக் கண்டதும் உள்ளே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸை அணைத்துவிடும் பெட்டிகள் நிறைய. நானே இதில் ஒரு மத்தியானத்தைத் தொலைத்திருக்கிறேன்.)

அடுத்தது கை வேலை. செலவு கிடையாது, ஆபத்தும் குறைவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிட்டு, அப்புறம் கார்டை எடுங்கள். எங்கள் ஊர் மழைக்கால ஈரத்தில் கார்டின் தங்கப் பற்களில் மங்கலாக ஒரு படலம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்ப்பவர்களும் உண்டு. தேய்த்தால் துகளை ஊதிவிட்டுச் செருகுங்கள்.

சின்னப் பெட்டிக்கென்றே சில தொல்லைகள் உண்டு. அரை உயரத் தகடு மாட்டிய கார்டில், தகட்டின் கால் பெட்டியின் விளிம்பில் இடித்து நிற்கும். திருகை முறுக்க முறுக்கக் கார்டின் வால் பக்கம் ஸ்லாட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் எழும்பும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. குனிந்து டார்ச் அடித்தால் பற்களின் ஓரம் பளபளப்பது தெரியும். தம்பியின் கார்டும் அப்படித்தான் நின்றது. ‘இதுதான் நோய்’ என்று சந்தோஷப்பட்டேன். தகட்டை லேசாக வளைத்து, ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தி உட்கார வைத்தேன். அப்போதும் கார்டு வரவில்லை.

ரைசர் வயர் (கார்டை ஸ்லாட்டோடு இணைக்கும் நீட்டிப்பு வயர்) வைத்த குட்டிப் பெட்டி என்றால் இன்னொன்று. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை (ஜென் 3) வயரில் நான்காம் தலைமுறை கார்டைப் போட்டால் சில சமயம் சத்தமே இல்லாமல் காணாமல் போகும். பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 3 என்று கட்டிவைத்தால் திரும்பி வந்துவிடும். ப்ராசஸரை அண்மையில் கழற்றி மாட்டியிருந்தால் சாக்கெட்டில் ஊசி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய ஸ்லாட்டுக்குத் தகவல் போகும் தடங்கள் ப்ராசஸரிலிருந்தே நேராக வருகின்றன.

மூன்றாவது வழி, கார்டை வேறு பெட்டியில் போட்டுப் பார்ப்பது. என் கணக்கில் எல்லா வழிகளையும் விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். டிரைவர், பயாஸ், பவர் என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். குற்றவாளி கார்டா பெட்டியா என்பது ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடும். கார்டைச் சட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸுன்டாங்கில் அவன் சித்தப்பா வீட்டு டவருக்குப் போனோம். செருகினோம், ஆன் செய்தோம், படம் வந்துவிட்டது. விற்றவரோடு சண்டை போடக் கிளம்பியவன் அங்கேயே அடங்கிவிட்டான்.

ஆக, மிச்சம் பயாஸ். இதில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது. செட்டிங் மாற்றுவது சாதாரணம். முதன்மைத் திரை எது என்ற வரி, சிஎஸ்எம் என்கிற பழைய பூட் முறை: இவற்றை மாற்றிப் பார்த்து, சரிவராவிட்டால் திருப்பி வைத்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் சிஎஸ்எம்-ஐ அணைத்தால் பூட் ஆகாது.

பயாஸ் அப்டேட் அப்படியில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய ஆபீஸ் பெட்டிகளில் அதற்குப் பின் வந்த கார்டுகளை அடையாளம் தெரியாமல் போவதுண்டு, அப்டேட்தான் வழி. ஆனால் நடுவில் கரண்டு போனால் மதர்போர்டே செத்துவிடலாம். டிரைவர் போடும்போது கரண்டு போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இங்கே மறுபடி என்பதே இல்லை. சென்னையில் இருப்பவர் ‘சும்மா பண்ணுப்பா’ என்று சொல்லிவிடுவார். யாங்கூனில் அது சூதாட்டம்.

அதனால் அன்று தொடவில்லை. மறுநாள் தெருவில் பிள்ளைகள் “மீ லாபி!” (பர்மியத்தில் ‘கரண்டு வந்துவிட்டது’) என்று கத்திய சத்தம் கேட்டதும், யுபிஎஸ்ஸைச் சார்ஜில் போட்டோம். முழுசாக நிரம்பிய பிறகு, சிபியூவையும் மானிட்டரையும் மட்டும் அதில் மாட்டி, கரண்டு இருக்கும்போதே அப்டேட்டை ஓட்டினோம். திரை கறுத்தது, ஃபேன் அலறியது, பெட்டி தானாகவே இரண்டு தடவை அணைந்து எழுந்தது. தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான், நானும் பேசவில்லை. விண்டோஸ் வந்தபோது டிவைஸ் மேனேஜரில் அந்த ‘பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ வரி உட்கார்ந்திருந்தது. இரண்டு ராத்திரி முழித்து இறக்கிய டிரைவருக்கு அப்போதுதான் வேலை வந்தது.

பவர் சப்ளையை ஏன் சொல்லவில்லை என்பீர்கள். பவர் குறைந்தால் பெரும்பாலும் கார்டு தெரியாமல் போவதில்லை. தெரிந்து, வேலை கொடுத்ததும் பெட்டி அணைந்துபோகும். ஸ்லாட்டின் விதிப்படி உச்சம் 75 வாட். ஆனால் சின்ன ஆபீஸ் பெட்டிகளில் அதைவிடக் குறைவாகவே வரம்பு வைத்த மாடல்கள் உண்டு. தனி பவர் வயர் கேட்கும் கார்டுக்கு, ஹார்ட் டிஸ்குக்குப் பவர் கொடுக்கும் சாட்டா வயரிலிருந்து ஆறு முனை மாற்றி வாங்கிப் போடுகிறார்கள். அது வேண்டாம். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 54 வாட், ஆறு முனைக்கு உரியது 75. உருகிய பிளக்கின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. பெரிய பவர் சப்ளை மாற்றலாம் என்றாலோ, இந்தப் பெட்டிகளில் அளவும் பிளக்கும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை.

இத்தனைக்கும் மசியாத பெட்டி என்றால் கார்டை மாற்றுவதுதான் மலிவு. ஜிடி 1030 வெறும் 30 வாட், எங்கும் கிடைக்கும். ஆனால் வீடியோவை ஏற்றுமதி செய்வதை வேகப்படுத்தும் வீடியோ என்கோடர் அதில் இல்லை. ஆர்எக்ஸ் 6400-இலும் இல்லை, போதாததற்கு நாலு தடம் மட்டுமே என்பதால் பழைய ஸ்லாட்டில் வேகமும் குறையும். இன்டெலின் ஆர்க் கார்டுகள், ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக எட்டும் வசதி) இல்லாத பெட்டியில் வேகம் குறைந்து படுத்துவிடும். விளையாட்டுக்கு 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி நல்ல கார்டு, ஸ்லாட் தாங்கினால்.

தம்பியின் கூட்டாளி ஒருவனும் அதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறான், அவனும் கல்யாண வீடியோதான். என்ன வாங்கட்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தான். முதலில் இன்டெல் கிராபிக்ஸிலேயே இருக்கும் க்விக் சிங்க் என்கிற வீடியோ என்கோடரை ஆன் செய்து ஒரு வீடியோவை ஏற்றுமதி செய்து பார்க்கச் சொன்னேன். போதாவிட்டால் என்விடியா டி400 கார்டு. அதுவும் 30 வாட்தான், என்கோடர் இருக்கிறது. அதில் இருப்பது மினி டிஸ்ப்ளேபோர்ட். மாற்றி வயரையும் சேர்த்தே வாங்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் அவனும் ‘கார்டு தெரியல அண்ணே’ என்று ஐந்து மாடி ஏறி வருவான்.