எண்ணூரா, அம்பாந்தோட்டையா?

கடன் வாங்கித் துறைமுகம் கட்டினால் யாரைப் போலக் கட்டவேண்டும் என்பதுதான் கேள்வி. அம்பாந்தோட்டையைப் போல எண்ணூர் துறைமுகமும் கடனில் எழுந்ததுதான், ஆசிய வளர்ச்சி வங்கியும் கொடுத்தது. ஆனால் 2001-ல் திறக்கும்போதே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்தே ஆகவேண்டும், அதாவது சரக்கு ரெடி.

இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் கட்டத்துக்குச் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியிடம் 30.7 கோடி டாலர் வாங்கி 2010-ல் திறந்தார்கள், கப்பல்களோ வழக்கம்போல கொழும்புக்கே போயின. 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகை, கைக்கு வந்தது 112 கோடி டாலர். சரி, கடன் தீர்ந்ததா? இல்லை. அந்தப் பணம் அன்னியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, துறைமுகக் கடன் அரசின் தலையிலேயே நின்றது.

என் ஓட்டு எண்ணூருக்குத்தான். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து மீன்பாடு குறைந்த நம்ம ஊர் மீனவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதுவும் நியாயம்தான்.