நான்கு போத்தல், ஒரு மேசை: கைமாற்றிக்கொள்ள ஏற்ற வீட்டுப் பியர் எது?

வீட்டில் பியர் காய்ச்சுகிறோம் என்று சொன்னாலே எல்லாரும் கேட்பது, எந்த ரெசிப்பி நல்லது என்றுதான். காய்ச்சியதை ஒருவருக்கொருவர் போத்தல் போத்தலாக மாற்றிக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. காய்ச்சியவர் வீட்டில் அவர் ருசித்த அதே பியர், பையில் ஏறி, பேருந்தில் வந்து, என் ஃபிரிட்ஜில் சில வாரம் கிடந்த பிறகும் அதே பியராக இருக்குமா? இந்தக் கண்ணோடு பார்த்தால் பெயர் பெற்ற வகைகள் பின்னால் போய்விடும், யாரும் கண்டுகொள்ளாதவை முன்னால் வந்துவிடும். நான்கு வகைகளை அப்படித்தான் இங்கே எடை போட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் இந்தப் பொழுதுபோக்குக்குச் சட்டம் இடம் தருகிறது. 2004 முதல், 18 வயதானவர்கள் உரிமம் இல்லாமலே வீட்டில் பியர் காய்ச்சலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரைதான், விற்கக் கூடாது, ஆவியாக்கிச் சாராயமாக வடிப்பது அறவே கூடாது. எங்களில் பலர் ஒரு தடவைக்கு 20 லிட்டர் காய்ச்சுகிறவர்கள். அப்படியானால் மாதம் ஒரு தொகுதி, ஒரே வகை. 330 மில்லி போத்தலில் அடைத்தால் அறுபது வரும். அறுபது போத்தல் ஒரே பியரை யார் குடிப்பது? மாற்றிக்கொள்வது இங்கே வசதி மட்டுமில்லை, தேவையும்கூட. தன் பியரின் குறை தன் மூக்குக்கு எட்டாது என்பது இன்னொரு காரணம். நொதிக்கிற வாசத்தோடு இரண்டு வாரம் ஒரே வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்தவருக்கு அந்த வாசம் பழகிப்போயிருக்கும்.

ருசி பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போத்தல்களை முதல் நாளே நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிக்க வேண்டும். வறுத்த மால்ட்டும் (மால்ட் என்பது முளைகட்டிய தானியம்) கடும் கசப்பும் முதலில் வந்தால் அதற்குப் பிறகு நாக்கு எதற்கும் உதவாது. மதிப்பெண்ணுக்கு, அமெரிக்காவில் 1985ல் தொடங்கிய பிஜேசிபி என்ற பியர் நடுவர் அமைப்பின் தாளையே எடுத்துக்கொள்கிறோம். மொத்தம் 50 மதிப்பெண்: வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் இருக்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு வெறும் 3தான் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துப் போடுவதற்காகவே காய்ச்சுகிறவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

முதலில் ஹெஃபவைசன், ஜெர்மானியக் கோதுமைப் பியர். மண்டி அடியில் தங்க வேண்டும் என்று சொன்னேன், அதற்கு விதிவிலக்கு இது. முக்கால் பாகத்தை ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் போத்தலோடு சுழற்றி, ஈஸ்ட்டையும் சேர்த்துக் கண்ணாடிக் குவளையில் இறக்க வேண்டும். நுரை இரண்டு விரல் உயரம் எழும்பி அப்படியே நின்றது. மூக்கை வைத்ததும் பழுத்த வாழைப்பழம், பின்னாலேயே கிராம்பு. பழமும் கிராம்பும் யாரும் போட்டதில்லை, இரண்டும் ஈஸ்ட் தருவது. நொதிக்கும்போது சூடு ஏறினால் வாழைப்பழம் தூக்கலாகும். மால்ட்டை ஊறவைக்கும்போது 45 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் கிராம்பு கூடும். இந்தப் போத்தலில் இரண்டும் சரியாகப் பொருந்தியிருந்தன. ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் வேறொன்று தங்கியது. கிராம்பு போலத் தொடங்கி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாடையாக முடிந்தது.

காய்ச்சியவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். “அண்ணே, தண்ணிக்கு மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டேன். “குழாய்த் தண்ணிய அப்படியேதானே குடிக்கிறோம், அதுக்கு எதுக்கு மாத்திரை?” என்றார். சிக்கல் அங்கேதான். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறார்கள். குடிப்பதற்கு அதனால் ஒரு பாதகமும் இல்லை. மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு அது சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகிறது. அது துளியினும் துளி இருந்தாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும். சாதாரணக் குளோரினைப் போலக் குளோரமின் பாத்திரத்தை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடாது, கொதிக்கவைத்தாலும் சுலபத்தில் போகாது. அரைக் கேம்டன் மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. மற்ற பியரில் இந்த வாடை உடனே மாட்டிக்கொள்ளும். ஹெஃபவைசனில் கிராம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பதால் காய்ச்சியவரே ஏமாந்துபோகிறார். 31 கொடுத்தேன். அந்த வாடை இல்லையென்றால் 38க்குக் குறையாது.

அடுத்தது குவைக் ஈஸ்ட்டில் செய்த பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியர். குவைக் என்பது நார்வேயின் மேற்குப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட். வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி பக்கம் குளிர்ச்சி வேண்டும். நம் வீட்டு வெப்பத்தில் அதை விட்டால் பெயின்ட் தின்னர் வாடையும் தலைவலியும்தான் மிச்சம். வோஸ் என்ற குவைக் வகை 35லிருந்து 40 டிகிரியில்தான் சந்தோஷமாக வேலை செய்யும், மூன்று நான்கு நாளில் முடித்தும்விடும். பனி கொட்டும் நாட்டு ஈஸ்ட் நமக்கென்றே செய்தது போல அமைந்திருப்பது வேடிக்கைதான். இதைக் காய்ச்சியவரிடம் நொதிப்பதற்குத் தனி ஃபிரிட்ஜ் கிடையாது. துணி காயப்போடும் இடத்தில் வாளியை வைத்துப் போர்வையைச் சுற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

பியர் நல்ல பொன்னிறம். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வரும் வாசம், அதற்குக் கீழே ரொட்டி. கொஞ்சம் புளிப்பு இருந்தது. அதைக் கிருமி புகுந்ததாக எண்ணி ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. குவைக் பியர் பொதுவாகவே சற்று அமிலமாக முடியும், இந்தப் புளிப்பு சுத்தமாகத்தான் இருந்தது. என் குறை வேறு. நடுவில் ஆள் இல்லை. வாசம் வந்தது, கசப்பு வந்தது, இடையில் மால்ட்டின் சுவை வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. கொஞ்சம் மியூனிக் மால்ட் சேர்த்திருக்கலாம். 34. பயணத்தைத் தாங்கியதா என்றால் அருமையாகத் தாங்கியிருந்தது. போத்தலிலேயே சர்க்கரை போட்டு வாயு ஏற்றியது இது. உள்ளே உயிரோடு இருக்கும் ஈஸ்ட், அடைக்கும்போது புகுந்த ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கலங்கலாக, பழ மணம் தூக்கலாக இருக்கும் ஹேஸி ஐபிஏவுக்கு அந்தக் காவல் இல்லை. நால்வரில் அதிகம் செலவு செய்தவர் இதைக் காய்ச்சியவர்தான். ஓட்ஸ், கோதுமை, கைநிறைய விலை உயர்ந்த ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ). கெக் என்ற உலோகக் கலனில் வாயு ஏற்றி, குழாயிலிருந்து நேராகப் போத்தலில் பிடித்துக் கொடுத்திருந்தார். அவர் வீட்டில் குடித்தபோது அது இளமஞ்சளாக, கொய்யாவும் எலுமிச்சையும் மணக்க, அன்றைய மேசையில் ஒப்பாரில்லாமல் இருந்தது. மூன்று வாரம் கழித்து என் குவளையில் விழுந்ததைப் பார்த்ததும் வேறு யாருடைய போத்தலோ மாறி வந்துவிட்டதென்றே நினைத்தேன். மஞ்சள் போய்ச் சாம்பல் கலந்த பழுப்பு. வாசத்தில் பழம் இல்லை, நனைந்த அட்டைப்பெட்டியும் மலிவான தேனும். கசப்பு மட்டும் தனியாக நாக்கைப் பிடித்து இழுத்தது.

காய்ச்சியதில் பிழை எதுவும் இல்லை, போத்தலில் பிடித்ததில்தான். ஹாப்ஸ் அதிகம் போட்ட பியருக்கு ஆக்சிஜன்தான் எமன். போத்தலை முன்கூட்டியே கார்பன் டை ஆக்சைடால் நிரப்பி, அடியிலிருந்து மெதுவாகப் பியரை ஏற்றி, நுரை வாய்வரை பொங்கி நிற்கும்போதே அதன்மேல் மூடியை அழுத்த வேண்டும். அடைத்தபின் ஒரு நிமிடம்கூட வெளியில் வைக்கலாகாது. மதுவாலைக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 3 டிகிரி குளிரில் 300 நாளில் ஆகும் பழமை, 22 டிகிரியில் 30 நாளில் ஆகும், 32 டிகிரியில் 3 நாளில் ஆகிவிடும். 32 டிகிரி என்பது சிங்கப்பூரில் சாதாரண மத்தியானம். கார் பின்பெட்டியில் போத்தலை வைத்துவிட்டு ஒரு நாள் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) சுற்றிவந்தாலே இந்தப் பியரின் கதை முடிந்தது.

போத்தலில் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் தீருமே என்று கேட்கலாம். ஓரளவு தீரும். ஆனால் நொதித்தபின் ஹாப்ஸைக் கொட்டும்போது அதில் இருக்கும் நொதிகள் (என்சைம்கள்), ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரைகளையும் உடைத்துவிடும். போத்தலுக்குள் ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். வாயு கூடும், கூடவே வெண்ணெய் வாடையும் வரலாம். அழுத்தம் எல்லை மீறினால் கண்ணாடி தெறிக்கும். மொத்தத்தில் கைமாற்றுவதற்கு ஹேஸி ஐபிஏ ஒத்துவராது. 24 போட்டேன். அவர் வீட்டிலேயே தாளை நிரப்பியிருந்தால் 40 தாண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிர்முனை டிராப்பிக்கல் ஸ்டௌட். காப்பிக்கடையில் வயதானவர்கள் ஐஸ் போட்டுக் குடிக்கும் கறுப்புப் பியரின் வம்சம்தான் இது. இங்குள்ள ஏபிசி எக்ஸ்ட்ரா ஸ்டௌட், இலங்கையின் லயன் ஸ்டௌட் இரண்டையும் பிஜேசிபி தன் 2021 வழிகாட்டியில் இந்த வகைக்கு எடுத்துக்காட்டாகவே வைத்திருக்கிறது. நம் பக்கத்துப் பியர் ஒன்றுக்கு அந்தத் தாளில் தனி இடம் இருக்கிறது, ஆனாலும் நம் ஆட்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஹேஸி பியரைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! சரி, அது அவரவர் விருப்பம்.

இதன் சாராயச் சத்து சுமார் 7 சதவீதம். லயன் ஸ்டௌட் 8.8 சதவீதம் என்பதால் இது கொஞ்சம் மென்மையானதுதான். வழக்கமாகக் குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட்டைச் சூட்டிலேயே நொதிக்க விடுவது இந்த வகையின் வழக்கம். ஊற்றும்போது சத்தமில்லாமல் இறங்கி, பழுப்பு நுரை மெல்லிய வளையமாக ஓரத்தில் நின்றது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் ஒன்றும் தெரியாது. பதினைந்து நிமிடம் விட்ட பிறகுதான் வாசம் திறந்தது: உலர்ந்த திராட்சை, கடுங்காப்பி, ஓரமாகக் கருப்பட்டி. காய்ச்சியவர் நிஜமாகவே குலா மலாக்கா என்ற தென்னைவெல்லம் போட்டிருந்தார், அதுவும் நொதிப்பு அடங்கும் நேரத்தில். சமர்த்து. ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் ஈஸ்ட் எழுப்பும் வாயுவோடு வாசமும் வெளியேறியிருக்கும். எப்போது போட்டாலும் அதன் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், இனிப்பு அதிலிருந்து வராது. இனிப்பு வந்தது கிரிஸ்டல் மால்ட்டிலிருந்தும், மால்ட்டை 68 டிகிரியில் ஊறவைத்ததிலிருந்தும். கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார்.

குறை என்று பார்த்தால் முடிவில் ஒரு கூர்மை, ஆறிய கடுங்காப்பியின் புளிப்பு. இங்குள்ள தண்ணீரில் தாதுக்கள் குறைவு. வறுத்த மால்ட் கொண்டுவரும் அமிலத்தைத் தாங்க அதில் வலு போதாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சரியாகும். போத்தல் மூன்று மாதம் பழையது. ஆக்சிஜன் இதற்குள்ளும் புகாமலா இருந்திருக்கும்? புகுந்திருக்கும். ஹேஸியில் அட்டைப்பெட்டியாகத் தெரிந்த பழமை, இங்கே உலர்ந்த பழமும் லேசான ஷெரி வாசமுமாகத் தெரிந்து பியருக்குக் கூட்டாகிவிட்டது. 39.

 

அதனால் கைமாற்றுவதற்கு மட்டும் என்றால் என் வரிசை இது: ஸ்டௌட், குவைக், ஹெஃபவைசன், கடைசியில் ஹேஸி. ஹெஃபவைசனைக் கொடுப்பவர்கள் அடைத்த தேதியை மூடியிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டு மாதம் தாண்டினால் வாழைப்பழம் ஓடிவிடும். மூடியில் எழுதினால்தான் நிற்கும், ஒட்டிய தாள் ஃபிரிட்ஜ் ஈரத்தில் உரிந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் குவைக் என்பேன். ஃபிரிட்ஜ் செலவு இல்லை, காத்திருக்கவும் வேண்டாம், தப்பு நடந்தாலும் பியர் மன்னிக்கும். ஹேஸிக்காரரைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் போத்தலை நீட்டினால் வாங்காதீர்கள், எப்போது கெக் திறக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்கே போய்விடுங்கள்.